பாட்டோடு வந்த ஊர்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவர் தம்முடன் எதனை எடுத்துச் செல்ல இயலும்? நிலத்தைச் சுருட்ட முடியாது. ஆற்றை அள்ளவும் முடியாது. பேச்சும் பாட்டுமே உடன் வரும். வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும் கல்கத்தா மாநகரின் நாட்டுப்பாடல் வரலாற்றை நோக்கினால், வங்காளிகளிலேயே பலர் அங்கு வெளியூராராக வந்து, இவ்வழியிலேயே தம் ஊரைக் காத்தனர் என்பது விளங்கும்.

நம் முன்னோர் நிலத்தை ஐந்திணையாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய யாழும் பறையும் உண்டு என்றனர். வங்க நாட்டிலும் நிலமே பாட்டை வகுத்தது. கிழக்கே பேராறுகள் பாயும் தாழ்நிலத்தில் பிறந்தது பாட்டியாலி. நீர் வடிந்து கடல் நோக்கி ஓடும்போது, ஓடத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு ஓடக்காரன் நெடுங்குரலில் பாடுவது அது. வடக்கே கூச்பிஹார், ரங்கப்பூர், கோவால்பாரா வட்டாரங்களில் பிறந்தது பவையா. மாட்டு வண்டி ஓட்டுபவனும் எருமை மேய்ப்பவனும் அதன் தலைவர்கள். அவர்களைப் பிரிந்த பெண்ணின் ஏக்கம் அதன் பொருள். தோதாரா என்னும் நரம்புக் கருவி அதன் துணை. பாடும்போது குரலை இடையே உடைத்து எழுப்புவது அதன் தனி அடையாளம். மேடு பள்ளப் பாதையில் வண்டி குலுங்கியதால் விளைந்த முறை இது என்று விளக்கம் கூறுவதுண்டு.

இப்பாட்டுகள் நகரை அடைய இரு வாயில்கள் இருந்தன. ஒன்று இசைத்தட்டு, மற்றொன்று வானொலி. அமெரிக்காவின் நாஷ்வில் நகர வானொலி 1925-இல் தொடங்கிய ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சி, டென்னஸி மலைநாட்டுப் பாடகரை நாடறியச் செய்தது. கல்கத்தா வானொலி நிலையம் 1927 ஆகஸ்டு 26-ஆம் நாள் ஒலிக்கத் தொடங்கியது.

அப்பாசுத்தீன் அகமது 1901-இல் கூச்பிஹார் சமஸ்தானத்தின் பலராம்பூர் கிராமத்தில் பிறந்தவர். 1931 முதல் 1947 வரை கல்கத்தாவில் வாழ்ந்தார். கல்வித்துறை அலுவலகத்தில் தற்காலிக வேலை, பின்பு நீர்ப்பாசனத் துறையில் நிலையான உத்தியோகம் என அவர் வாழ்க்கை, நம்மவர் பலருடைய வாழ்க்கையைப் போன்றதே. அச்சேறிய நகர வங்க மொழியே நாகரிகம் எனக் கருதப்பட்ட அந்நாளில், தம் வட்டாரப் பேச்சை மாற்றாமல் பவையாவை இசைத்தட்டில் பாடினார். கவி நஸ்ருல் இஸ்லாமின் பாடல்களையும் அவரே பரப்பினார். ஊர்ப் பெருமை அவருக்குப் பிறர் இசையை வெறுக்கும் செருக்காக இருந்ததில்லை.

சச்சின் தேவ் பர்மன் 1906-இல் கொமில்லாவில் பிறந்தவர். திரிபுரா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். கல்கத்தாவில் புகழ் பெற்று, 1944-இல் பம்பாய் சென்றார். ஆயினும் ‘சுஜாதா’ (1959), ‘பந்தினி’ (1963) ஆகிய இந்திப் படங்களில் அவர் தம் குரலிலேயே பாடிய பாட்டுகளில் கேட்பது கீழை வங்கத்து ஓடக்காரனின் குரலே.

1947-இல் நாடு பிரிவினையுற்றது. அப்பொழுது நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்குவோம். அப்பாசுத்தீன் டாக்கா சென்று குடியேறினார்; அவர் பிறந்த கூச்பிஹாரோ 1949-இல் இந்தியாவில் இணைந்து, 1950 ஜனவரி முதல் நாள் மேற்கு வங்கத்தின் மாவட்டமாயிற்று. சச்சின் தேவ் இந்தியாவில் இருந்தார். அவருடைய கொமில்லா பாகிஸ்தானுக்குப் போயிற்று. பாடகர் ஒரு நாட்டில், பாட்டுப் பிறந்த மண் மற்றொரு நாட்டில்! 1959-இல் அப்பாசுத்தீன் டாக்காவில் மறைந்தார். அதுவரை அவர் பாடிவந்தது எல்லைக்கு அப்பால் இருந்த ஊரின் பாட்டையே.

சில்ஹெட் மாவட்டத்தின் நிலையும் இதுவே. 1947 ஜூலையில் நடந்த பொதுவாக்கெடுப்பின் பின் அதன் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானில் சேர்ந்தது. அம்மண்ணில் பிறந்த நிர்மலேந்து சௌதுரியும் ஹேமாங்க பிஸ்வாஸும் கல்கத்தாவில் அதன் பாட்டுகளை வாழவைத்தனர். ஹேமாங்கர் தம் ஹபிகஞ்சின் ‘ஜலாலி’ப் புறாவைத் தம் ஏக்கத்துக்கு உருவகமாக்கி ஒரு பாட்டுக் கட்டினார். ஊர் 1971-இல் வங்காளதேசத்தின் பகுதியாயிற்று. அவர் 1987-இல் கல்கத்தாவில் காலமானார். நாட்டின் பெயர் இருமுறை மாறியும் பாட்டின் ஊர் மாறவில்லை.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. எல்லைகளை அரசுகள் வகுக்கின்றன. ஊரை வகுப்பது மொழியின் சாயலும் மெட்டின் நெளிவுமே. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடியபோது கேட்டவர்களின் உள்ளத்தைத் தொட்டது சிவகங்கைச் சீமையின் பேச்சன்றோ? கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும், வேறு பல நகரங்களிலும் வாழும் தமிழ் இல்லங்களில் தாலாட்டும் நடவுப்பாட்டும் அறிந்த மூதாட்டியர் இன்னும் உளர். அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்து கொள்வது இன்று எளிது. அவ்வாறு செய்யுங்கால் ‘இச்சொல் கொச்சை, இவ்வுச்சரிப்புப் பிழை’ என்று திருத்த முற்படாதிருப்பது நலம். கூச்பிஹாரின் பேச்சைத் திருத்தியிருந்தால், அப்பாசுத்தீனின் பாட்டில் கூச்பிஹார் எஞ்சியிராது.