ஏடு காத்த பதிகமும் நா காத்த பண்ணும்

மூவர் அருளிய தேவாரத் திருப்பதிகங்கள் இறைவன் திருமுன் இசையோடு பாடுதற்கென எழுந்தவை. ஆதலின் அவற்றைக் காப்போர் சொல்லையும் இசையையும் ஒருங்கே காத்தல் வேண்டும்.

தில்லையில் ஏடுகள் செல்லரித்துக் கிடந்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறும். சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சிய ஏடுகளை மீட்டனர். ஆயினும் பண்ணடைவு தெரிந்திலது. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கொண்டே பண்கள் வகுக்கப்பெற்றன என்பது அப்புராணச் செய்தி. ஏடு சொல்லைத் தந்தது. பண்ணைத் தந்தது ஒரு குடியின் நினைவே.

சுரங்களை எழுத்தாற் பொறிக்கும் முறை தமிழகத்தில் பழமையானது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டினதாகிய குடுமியான்மலை இசைக் கல்வெட்டு அதற்குச் சான்று. தேவார ஏடுகளிலோ பண்ணின் பெயர் மட்டுமே காணப்படும். இசை பாடுவார் நாவிலேயே வாழ்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) திருப்பதியம் விண்ணப்பிப்பார் 48 பேரையும், உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிப்பார் இருவரையும் அமர்த்தியது இதனாலன்றோ!

பிற்காலத்தே பண்கள் இராகங்களின் வழியே பாடப்பெற்றன. காந்தாரபஞ்சமம் கேதாரகௌளையாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் ஒலிக்கின்றன. தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சி நடத்தியது; சுரதாளக் குறிப்பு நூல்களும் வெளிவந்தன. 2007இல் புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாயிலாகக் கணினித் தேவாரம் வெளிவந்தது. இன்று உலகின் எம்மூலையிலிருந்தும் பதிகங்களை இணையத்தில் படிக்கலாம்.

அத்தகைய தொகுப்புகளில் சுரக்குறிப்பு நூல்களையும் சேர்த்தல் இனி ஆற்றவேண்டிய பணியாகும். அதில் இரண்டு கருத்திற்கொள்ளத் தக்கன. இந்தளப் பண்ணை மாயாமாளவகௌளையிற் பாடுவோரும் உளர். நாதநாமக்கிரியையிற் பாடுவோரும் உளர். ஆகவே ஒவ்வொரு குறிப்புடனும் அது வந்த நூல், ஆண்டு, ஓதுவார் மரபு ஆகியவற்றைப் பதிதல் வேண்டும். ஒன்றை வைத்துப் பிறிதொன்றை நீக்குதல் கூடாது. இனி, தாளத்தோடு பாடும் பண்ணாங்கம் குறிப்பில் அடங்கும். தாளமின்றி விரியும் சுத்தாங்கமோ கோடிட்ட கட்டங்களுள் முற்றும் அடங்குவதன்று. அதற்கு ஓதுவாரின் குரற்பதிவும் உடன் வேண்டும்.

செல்லுக்கு ஏடு இரையானது போல, ஓதுவார் மறையும்போது அவர் பாடாந்தரமும் மறையும். கோபுரமும் விமானமும் புதுக்கிய அன்பர்கள், ஓதுவார் ஒருவருக்கு நிலையான பொருளுதவி செய்து, அவர் குறிப்பேட்டையும் குரலையும் காப்பார்களாயின் அதுவும் திருப்பணியே. குடமுழுக்குக் காணும் இறைவன் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக!