கப்பலில் ஏறாத சரக்கு

டென்மார்க்கின் காற்றாலைகள் உலகெங்கும் பரவிய வரலாறு பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இறக்கை நீண்டது, கோபுரம் உயர்ந்தது, விலை இறங்கியது என்று அது போகும். ஆலையை வாங்கியது யார், எந்தப் பணத்தில் வாங்கினார்கள், விளைந்த மின்சாரத்தை என்ன விலைக்கு யார் எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் ஒரு மூலைதான் கிடைக்கும். ஆனால் ஊர்மக்கள் சேர்ந்து சொந்தமாக ஆலை நிறுத்தும் வழக்கம் ஏன் சில நாடுகளில் பிடித்தது, சிலவற்றில் பிடிக்கவில்லை என்பதற்கான விடை அந்த மூலையில்தான் கிடக்கிறது. ஆலையைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிவிடலாம். அதைச் சுற்றியிருந்த சலிப்பூட்டும் விதிகளை அப்படி ஏற்ற முடியாது. அவை போய் இறங்கிய நாட்டில், அங்கே ஏற்கெனவே வேரோடியிருந்த ஏதாவது ஓர் அமைப்பின் மேல்தான் புதிதாக முளைக்க வேண்டியிருந்தது.

டென்மார்க்கில் அந்த வேர் பால்பண்ணை. 1882இல் ஹெடிங் என்ற ஊரில் விவசாயிகள் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையைத் தொடங்கினார்கள்; சேர்ந்து உடைமை கொள்ளும் பழக்கம் அதில் பிடிபட்டது. 1891இல் அஸ்கோவ் என்ற கிராமத்தின் மக்கள் உயர்பள்ளியில் ஆசிரியர் போல் லா கூர் காற்றிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். நிலக்கரியும் எண்ணெயும் மலிவாகக் கிடைத்த காலத்தில் இந்த முயற்சி மங்கியது. 1973 எண்ணெய் நெருக்கடிதான் அதைத் தட்டி எழுப்பியது. கிறிஸ்டியன் ரீஸாகர் என்ற தச்சர் 1970களின் நடுவில் 22 கிலோவாட் ஆலை ஒன்றைச் செய்து மின்தொகுப்போடு இணைத்தார். பெரிய பொறியியல் நிறுவனங்களுக்கு முன்பே தச்சரும் கொல்லரும் பள்ளிக்கூடத்தாரும் இதில் இறங்கிவிட்டார்கள். ஆலை வைத்திருந்தவர்கள் 1978இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். எந்த ஆலை எவ்வளவு விளைவித்தது, எது எங்கே உடைந்தது என்பதெல்லாம் அச்சில் வெளிவந்தன. வாங்குகிறவன் ஏமாறாமல் இருக்க இதைவிட நல்ல காவல் வேறில்லை. 1979இல் முதலீட்டில் 30 விழுக்காட்டை அரசு மானியமாகக் கொடுத்தது. நுட்பமான விதிகள் இன்னும் உள்ளே இருந்தன. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 1000 யூனிட் விளைச்சல். ஒரு குடும்பம் தன் வீட்டுத் தேவையை ஒட்டிய அளவுக்குத்தான் பங்கு வாங்கலாம். ஆலையின் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்தான் வாங்கலாம். சங்கம் வரையறையற்ற பொறுப்புள்ள கூட்டாண்மையாக இருந்ததால், அதன் பெயரில் கடன் வாங்கக் கூடாது என்று துணைவிதியிலேயே எழுதிவைத்தார்கள். கடன் தேவைப்பட்டவர் தன் பங்கை ஈடு வைத்துத் தானே வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரர் செலுத்தும் விலையில், வரி நீங்கலாக, 85 விழுக்காட்டை ஆலைக்குக் கொடுக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் மின் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பங்குதாரர்கள் ஆனது இந்த ஏற்பாட்டால்தான்.

இயந்திரம் மட்டும் தனியாகப் பயணித்தால் என்ன ஆகும் என்பதை முதலில் காட்டியது கலிஃபோர்னியா. 1980களின் தொடக்கத்தில் அங்கே கிடைத்த வரிச்சலுகைக்காக டேனிஷ் ஆலைகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. முதலீட்டாளர் பலருக்கு ஆலை சுழன்றாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். போட்ட பணத்துக்கு வரி கழிந்தால் போதும். 1985 கடைசியில் சலுகை முடிந்தது. மறு ஆண்டே வெஸ்டாஸ் என்ற டேனிஷ் காற்றாலை நிறுவனம் கடனைக் கொடுக்க முடியாமல் திணறியது. தமிழ்நாட்டிலும் இதே கதையின் சாயல் உண்டு. டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறிலும் குஜராத்தின் லாம்பாவிலும் 1990 வாக்கில் காற்றாலைப் பண்ணைகள் எழுந்தன. பின்னால் வந்த பெருக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயையே மாற்றியது. அதைத் தூண்டியது முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரி தந்த இடம். வருமானமே வரிக்குள் வராத விவசாயிக்கு அதில் என்ன லாபம்? பஞ்சாலை முதலாளிக்குத்தான் அது பொருந்தியது. டேனிஷ் ஆலை அந்தக் கணவாயிலுள்ள முப்பந்தலுக்கு வந்தது. டேனிஷ் பங்குதாரர் வரவில்லை. ஆனாலும் ஓர் ஆச்சரியம் உண்டு. தன் உபயோகத்துக்கான மின்நிலையம் என்று சொல்லிக்கொள்ள, பயன்படுத்துவோர் குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்து, விளைச்சலில் 51 விழுக்காட்டையாவது தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கின்றன 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகள். பயன்படுத்துகிறவனே உடைமையாளன் என்ற டேனிஷ் விதிக்கு இது தூரத்து உறவு. வீடுகள் இருந்த இடத்தில் மில்கள், அவ்வளவுதான்.

டேனியர்களுக்குக் கூட்டுறவு ரத்தத்தில் ஊறியது, மற்றவர்களால் முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. பால்பண்ணையை வேர் என்று சொன்ன பிறகு இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் 1999இல் மின்துறையைச் சந்தைக்குத் திறந்துவிட்டு, நிலையான விலையையும் குடியிருப்பு வரம்பையும் நீக்கியதும், அதே டென்மார்க்கில், அதே மக்களிடையே, புதிய கூட்டுறவு ஆலைகள் ஏறக்குறைய வற்றிப்போயின. கோபன்ஹேகன் கரையோரம் 2000இல் எழுந்த மிடில்குரூண்டன் பண்ணையில் 40 மெகாவாட்டில் பாதி எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுடையது. அது பழைய காலத்தின் கடைசிப் பெரிய அறுவடை. ரத்தம் அதேதான், விதி மாறியது, வயல் காய்ந்தது.

சரி, எல்லாம் விதி என்றால் அந்த விதிகளை அப்படியே பெயர்த்து எழுதிக்கொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. அப்படிச் செய்து வென்றவர்கள் இல்லை. ஜெர்மனி 1991 சட்டத்தில் சில்லறை விலையின் 90 விழுக்காட்டைக் காற்றாலைக்கு உறுதிசெய்தது. அந்தப் பகுதி டென்மார்க்கின் நிழல்தான். ஆனால் வரையறையற்ற பொறுப்பை ஜெர்மன் விவசாயிகள் ஏற்கவில்லை. தங்கள் வணிகச் சட்டத்தில் இருந்த வரையறுத்த கூட்டாண்மையை எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனுக்கு இந்த எண்ணம் ஸ்வீடன் வழியாக வந்தது. 1996இல் கம்ப்ரியாவில் தொடங்கிய பேவிண்ட் சங்கம், 1844இல் கூட்டுறவுக் கடை தொடங்கிய ராச்டேல் முன்னோடிகளின் வழிவந்த பழைய கூட்டுறவுச் சட்டத்தில் தன்னைப் பதிவுசெய்துகொண்டது. ஆளுக்கு ஒரு வாக்கு, எத்தனை பங்கு இருந்தாலும். விதி பொருந்தியதுபோல் தோன்றினாலும் ஒரு தையல் பிரிந்தே இருந்தது. உறுப்பினர் தன் சங்கத்தின் மின்சாரத்தை வாங்குவதில்லை. அது பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. 2014இல் பிரிட்டிஷ் ஒழுங்குமுறை ஆணையம் இதைப் பிடித்துக்கொண்டு, சங்கத்தோடு வணிகமே செய்யாத உறுப்பினர் எப்படிக் கூட்டுறவாளர் ஆவார் என்று கேட்டுப் பதிவுகளை மறுக்கத் தொடங்கியது. சட்டத்தின் எழுத்தில் அந்தக் கேள்விக்கு இடமிருந்தது. பிறகு வந்தவர்கள் சமூக நலச் சங்கம் என்ற வேறொரு சட்டவடிவத்துக்கு மாறிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் கீயா தீவிலோ கூட்டுறவே வேண்டியிருக்கவில்லை. நிலக்கிழாரிடமிருந்து தீவு முழுவதையும் 2002இல் மக்கள் அறக்கட்டளை விலைக்கு வாங்கியிருந்தது. அந்த அறக்கட்டளையே பழைய வெஸ்டாஸ் ஆலைகள் மூன்றை வாங்கி நிறுத்தி, விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று கேலிக் மொழியில் பெயர் வைத்தது. அங்கே வேர் நிலவுரிமைப் போராட்டம்.

தமிழ்நாட்டில் அப்படியொரு வேர் எது என்று தேடினால் கூட்டுறவுச் சங்கத்தைவிட ஊராட்சிதான் கண்ணில் படுகிறது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், ஏறிக்கொண்டே போன குடிநீர்த் திட்ட மின்கட்டணத்தைச் சமாளிக்கப் பல வழிகளைப் பார்த்தது. கடைசியில் 2006இல் ரூ. 1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. பெரும்பகுதி வங்கிக் கடன், மீதி ஊராட்சியின் சேமிப்பு. தன் தேவைபோக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. ஒரே ஊராட்சியை வைத்துக்கொண்டு எதை நிரூபிக்க முடியும் என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். கையில் அத்தனை சேமிப்பும், கடன் கேட்டு வங்கிப் படியேறும் துணிவும் உள்ள ஊராட்சிகள் மிகக் குறைவு. ஆனால் அந்த ஆலை நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பவானிக் கரையில் இருக்கும் ஓடந்துறையில் அது இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றுவாக்கான மைவாடியில் நிற்கிறது. ஓரிடத்தில் விளைவித்து வேறிடத்தில் எடுத்துக்கொள்ள மில்களுக்காக வளர்ந்த ஏற்பாட்டில் ஓர் ஊராட்சியும் நுழைந்துகொண்டது. அக்கம்பக்கத்தில் குடியிருந்தால்தான் பங்கு என்ற பழைய டேனிஷ் விதிப்படி பார்த்தால், அந்த ஆலையில் ஓடந்துறைக்காரர் ஒருவருக்கும் பங்கு கிடைத்திருக்காது.