வலிக்குதா? கொஞ்சம் பொறுங்க!

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார் ஒருவர். பக்கத்திலேயே மார்ஃபின் ஊசி இருக்கிறது. போட்டால் துடிப்பு அடங்கிவிடும். ஆனால், 'போடக் கூடாது' என்கிறார் டாக்டர். கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர்தான். என்ன செய்ய... பாடப் புத்தகம் அப்படிச் சொல்கிறதே!

அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஸக்கரி கோப் என்கிற லண்டன் சர்ஜன். திடீரென்று வரும் வயிற்றுவலிக்குக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி என்று 1921-ல் அவர் எழுதிய சிறிய புத்தகம், தலைமுறை தலைமுறையாக டாக்டர்களுக்குக் கிட்டத்தட்ட வேதமாகவே இருந்தது. என்ன நோய் என்று முடிவாகும்வரை மார்ஃபினைத் தொடாதே என்று அதில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் கோப். வலி அடங்கினால் தடயமும் அழிந்துவிடும் என்பது அவர் பயம். பார்ப்பதற்குக் கல்மனசு மாதிரி தெரிந்தாலும் நோயாளிக்கு அதுதான் நல்லது என்பது அவர் கட்சி.

கோப்பைத் திட்டுவதற்கு முன் அந்தக் காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1921-ல் ஸ்கேன் ஏது? டாக்டரின் பத்து விரல்கள்தான் ஸ்கேன்! வயிற்றை அமுக்கி, 'இங்கே வலிக்குதா? அங்கே?' என்று கேட்டுத்தான் அப்பெண்டிக்ஸ் வெடித்திருக்கிறதா, குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் நோயாளி மருந்து மயக்கத்தில், 'இப்ப பரவாயில்லை டாக்டர்' என்று தூங்கிப்போனால்? விடிவதற்குள் ஆளே காலி!

சரி, அது அந்தக் காலம். 1971-ல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அல்ட்ராசவுண்டும் வந்துவிட்டது. விதி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மார்ஃபின் கொடுத்தால் நிஜமாகவே நோயைக் கண்டுபிடிக்க முடியாமல் போகிறதா? இந்தச் சின்னக் கேள்வியை முறையாகச் சோதித்துப் பார்க்கவே பல பத்தாண்டுகள் ஆயின!

அந்தச் சோதனைகளில் முக்கியமான ஒன்று, பிரிட்டனில் நடந்து 1992-ல் வெளியானது. கடும் வயிற்றுவலியோடு வந்த 100 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மார்ஃபின் வகை ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. யாருக்கு எது என்று பரிசோதிக்கிற டாக்டருக்கே தெரியாது. பிறகு கணக்குப் பார்த்தார்கள். கணிப்போ சிகிச்சை முடிவோ தவறிப்போனது உப்புத் தண்ணீர் குழுவில் 9 பேருக்கு. மருந்து பெற்ற குழுவில்? வெறும் 2 பேருக்கு!

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. வலியில் துடிப்பவர் வயிற்றை இறுக்கிக்கொள்வார், கை வைக்க விடமாட்டார். வலி குறைந்தவர் ஒத்துழைப்பார். உள்ளே நிஜமாகவே கோளாறு இருந்தால், அந்த இடத்தை அமுக்கும்போது மார்ஃபினையும் மீறி வலிக்கும். பின்னால் வந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், மருந்தால் கணிப்பு கெட்டுப்போவதாகத் தெரியவில்லை. கோப்புக்குப் பிறகு அவருடைய புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டவர்களே அந்த அறிவுரையை மாற்றிவிட்டார்கள்.

வயிற்றுவலி விஷயத்திலாவது டாக்டர்கள் சொல்ல ஒரு காரணம் இருந்தது. எலும்பு முறிந்தவருக்கு என்ன காரணம்? லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எமர்ஜென்சி வார்டில் கை, கால் எலும்பு முறிந்து வந்த 139 பேரின் ரெக்கார்டுகளைப் புரட்டிய ஆய்வு 1993-ல் வெளியானது. வலி மருந்தே கிடைக்காதவர்கள் வெள்ளையர்களில் 26 சதவிகிதம். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 55 சதவிகிதம்! 2000-ல் அட்லாண்டாவில் இதேபோல ஓர் ஆய்வு. மருந்து பெற்றவர்கள் வெள்ளையர்களில் 74 சதவிகிதம், கறுப்பர்களில் 57 சதவிகிதம். எலும்பு ஒரே மாதிரிதான் முறிகிறது. நம்பிக்கைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

குற்ற உணர்ச்சியில் அமெரிக்கா எதிர்த் திசையில் ஓடியது. எல்லா நோயாளிகளிடமும் வலியை விசாரித்து எழுத வேண்டும் என்ற விதி 2001-ல் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால், அதற்கு முன்பே, 1996-ல் 'ஆக்ஸிகான்டின்' மாத்திரையோடு பர்டூ ஃபார்மா கடை விரித்திருந்தது. அடிமையாகும் ஆபத்து இதில் குறைவு என்று டாக்டர்களை நம்பவைத்தார்கள். அது ஏமாற்று வேலை என்று 2007-ல் அதன் குழும நிறுவனம் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. அதற்குள் வீட்டுக்கு வீடு மாத்திரை போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு ஹெராயின், கள்ள ஃபென்டனில்... 2021-ல் மட்டும் போதை மருந்து அளவு மீறி அங்கே இறந்தவர்கள் 1 லட்சத்துக்கும் அதிகம்.

அப்படியானால், மறுபடி 'பொறுத்துக்கொள்' என்று சொல்வதா? இல்லை என்று காட்டியது நியூ ஜெர்சி மாநிலம் பேட்டர்சனில் உள்ள செயின்ட் ஜோசப் ஆஸ்பத்திரி. 2016-ல் அதன் எமர்ஜென்சி வார்டில், முடிந்தவரை ஓபியம் வகை மருந்து இல்லாமலே வலியைத் தீர்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எலும்பு முறிந்தால் அந்த நரம்பை மட்டும் மரக்கவைக்கும் ஊசி, சிறுநீரகக் கல்லுக்கு லிடோகெய்ன் என்று வலிக்குத் தகுந்த வைத்தியம். மறு வருடம் நியூயார்க் ஆய்வு ஒன்று இன்னும் ஆச்சரியம் தந்தது. கை, கால் வலியோடு எமர்ஜென்சிக்கு வந்த 416 பேரில் சிலருக்கு ஓபியம் கலந்த மாத்திரைகள். சிலருக்கு ஐபுப்ரோஃபனும் பாரசிட்டமாலும். இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்டால், வலி குறைந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

ஆக, நமக்கு என்ன? வயிற்றுவலிக்கு வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போன பிறகு, 'முதல்ல வலிக்கு ஏதாவது கொடுங்க டாக்டர்' என்று தயங்காமல் கேளுங்கள். 'கொடுத்தால் நோய் தெரியாமல் போய்விடும்' என்று பதில் வந்தால், அது 1921-ம் வருஷத்துப் பதில்!