தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்

டாம் லின் இயக்கத்தில் 2019இல் வெளிவந்த மலேசியத் திரைப்படம். டான் துவான் எங்கின் நாவலைத் தழுவியது. கதைக்களம் கேமரன் மலை. ஜப்பானிய ராணுவ முகாமில் சகோதரியைப் பறிகொடுத்த யுன் லிங், அவள் நினைவாகப் பூங்கா அமைக்க, தாயகம் துறந்து தேயிலைத் தோட்டத்தருகே வாழும் அரிதோமோவை நாடுகிறாள். அவரோ ஜப்பானியப் பேரரசரின் முன்னாள் தோட்டக் கலைஞர். பூங்கா அமைத்துத்தர மறுத்துவிட்டு, அவளைச் சீடராக ஏற்கிறார். பின்னாளில் அவள் முதுகு முழுக்கப் பச்சை குத்துகிறார். வெறுப்பும் காதலும் ஊசிமுனையில் கலக்கும் அக்காட்சிகளே படத்தின் உயிர். 1980களில் முதியவளாக அவள் அம்மலைக்குத் திரும்புகிறாள். ஹிரோஷி அபே, லீ சின்ஜே, சில்வியா சாங் நடித்தனர். கோல்டன் ஹார்ஸ் விருதுக்கு 9 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, ஒப்பனை–உடையலங்காரத்துக்கான விருதை வென்றது. அத்தேயிலைச் சரிவுகளை உழைப்பால் உருவாக்கிய தமிழர்களின் வாழ்வுக்கும் இத்தகைய படம் தேவை.