புதுச்சேரி கிராம அறிவு மையங்கள்: தகவல் தொழில்நுட்பமும் அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சியும் (1998–2007)

ஆய்வுச் சுருக்கம்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இணையமும் கம்பியில்லாத் தொடர்பும் ஏழை எளிய மக்களுக்குப் பயன்பட வேண்டுமாயின் எத்தகைய சமூக ஏற்பாடுகள் தேவை என்னும் வினாவிற்கு இம்மையங்களின் வரலாறு விடையளிக்கின்றது. இம்மையங்களையும் அதே காலத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நிறுவப்பட்ட இணைய நிலையங்களையும் இக்கட்டுரை ஒப்பிடுகின்றது. கருவியைக் காட்டிலும் கருவி வைக்கப்பட்ட இடம், அதனை இயக்கியவர், அது பேசிய மொழி ஆகிய மூன்றுமே பயன் யாரைச் சென்றடையும் என்பதைத் தீர்மானித்தன என இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது.

திறவுச்சொற்கள்: கிராம அறிவு மையம், தகவல் தொழில்நுட்பம், புதுச்சேரி, மேலூர், மீனவர், சாதி, பொதுச் சேவை மையம்.

முன்னுரை

வளரும் நாடுகளின் வறுமை ஒழிப்பில் மின்னணுத் தொழில்நுட்பத்தின் பங்கு குறித்த விவாதம் இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் வலுப்பெற்றது. நகரத்திற்கும் ஊரகத்திற்கும், படித்தவருக்கும் படியாதவருக்கும் இடையே முன்பே நிலவிய இடைவெளியைக் கணினி மேலும் அகலமாக்கும் என்போர் ஒருபுறமும், அதனைக் குறைக்கும் என்போர் மறுபுறமும் நின்றனர். இந்தியாவில் இவ்விவாதம் ஏட்டளவில் நின்றுவிடாமல் களத்தில் சோதிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'ஞானதூத்', அதே ஆண்டு ஐ.டி.சி. நிறுவனம் தொடங்கிய 'இ-சௌபால்' ஆகியவை பலராலும் எடுத்துக்காட்டப்படுபவை. இவ்விரண்டிற்கும் முற்பட்டது புதுச்சேரி முயற்சி. தமிழ் வழங்கும் சிற்றூர்களில், தமிழையே பயன்பாட்டு மொழியாகக் கொண்டு நடைபெற்றதால் தமிழாய்வுலகின் தனிக் கவனத்திற்கும் அது உரியதாகின்றது.

திட்டத்தின் தோற்றம்

வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1992ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பம் குறித்த கலந்துரையாடல் ஒன்றை நடத்தியது. எட்டாதவரை எட்டுதல் என்பதே அதன் மையக் கருத்து. அங்கு உருவான சிந்தனை 1998ஆம் ஆண்டு சனவரியில் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன் 'தகவல் கிராமம்' என்னும் ஆய்வுத் திட்டமாக வடிவம் பெற்றது. புதுச்சேரியில் உயிரிக் கிராமத் திட்டத்தின் வாயிலாக அந்நிறுவனத்திற்கு ஊர்மக்களுடன் ஏற்கெனவே தொடர்பு இருந்தது. முன்னறிமுகம் இல்லாத மண்ணில் கணினியை இறக்கிவைக்கும் முயற்சியாக இத்திட்டம் அமையவில்லை என்பது கருதத்தக்கது.

மையங்களைத் திறப்பதற்கு முன்னர், மக்கள் எவற்றை அறிய விரும்புகின்றனர், இப்பொழுது யாரிடமிருந்து அறிகின்றனர் என்பது குறித்து ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. அண்டை வீட்டார், உள்ளூர்க் கடைக்காரர், சந்தை, உரமும் பூச்சிமருந்தும் விற்போர் ஆகியோரே பெரும்பாலோருக்குத் தகவல் வாயில்கள் என்பது அதில் தெரியவந்தது. பூச்சிமருந்து விற்பவரிடமே எம்மருந்து தேவை எனக் கேட்கும் நிலையில் உழவர் இருந்தார். விற்பவரைச் சாராத தகவல் வாயில் ஒன்று தேவை என்னும் முடிவிற்கு இது வலுச்சேர்த்தது.

வலையமைப்பும் தமிழ் உள்ளடக்கமும்

வில்லியனூர் இவ்வலையமைப்பின் நடுவிடமாக அமைந்தது. தொலைபேசி வழி இணைய இணைப்பு அங்கு இருந்தது. சிற்றூர்களில் தொலைபேசி அரிதாக இருந்தமையால், நடுவிடத்திலிருந்து பிற ஊர்களுக்கு மிகை அதிர்வெண் வானொலிக் கருவிகள் வழியே குரலும் தரவும் அனுப்பப்பட்டன. மின்தடை மிகுதியாக இருந்ததால் சூரிய ஒளி மின்கலங்களும் பொருத்தப்பட்டன. விலையுயர்ந்த ஒற்றைத் தொழில்நுட்பத்தை நம்பாமல், கம்பி வழியையும் கம்பியில்லா வழியையும் கலந்து, உள்ளூர்ச் சூழலுக்கு ஏற்ற வலையமைப்பு உருவாக்கப்பட்டது.

வில்லியனூரில் நடைபெற்ற முதன்மைப் பணி, பெற்ற தகவலை உள்ளூர்த் தேவைக்கேற்ப மாற்றித் தருவதாகும். வேளாண் இடுபொருள்களின் விலை, தானியங்களின் சந்தை விலை, அரசு நலத்திட்டங்கள், மருத்துவமனை வசதிகள், பேருந்து நேரம், கால்நடை நோய்கள் முதலியன திரட்டப்பட்டுத் தமிழில் தொகுக்கப்பட்டன. ஆங்கில இணையப் பக்கங்களை அப்படியே காட்டுவதால் பயனில்லை என்பதைத் திட்டத்தினர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். தமிழ்க் கணிமையில் ஒருமித்த தரம் உருவாகாத காலம் அது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ்இணையம் 99' மாநாட்டின் தொடர்ச்சியாகவே தமிழ்99 விசைப்பலகையும் குறியாக்கத் தரங்களும் அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்னரே ஊர்ப்புறத்துத் தன்னார்வலர்கள் தமிழில் தட்டச்சிட்டுத் தரவுகளைத் தொகுக்கத் தொடங்கியிருந்தனர். 'நம்ம ஊரு செய்தி' என்னும் இதழும் இத்திட்டத்தின் வழி வெளிவந்தது. கணினித்திரையை அணுகாதவரிடமும் தகவல் தாள்வடிவில் சென்றது.

அரசு நலத்திட்டங்களைப் பற்றிய தொகுப்பு தனித்துக் குறிப்பிடத்தக்கது. தமக்குரிய உதவி எது, அதற்குத் தகுதி யாது என்பதை அறியாத குடும்பம் இடைத்தரகரை நாட நேரிடும். அவ்விவரம் ஊரின் பொதுவிடத்தில் யாவரும் கேட்டறியக் கூடியதாக வைக்கப்பட்டபோது, தகவல் என்பது சலுகை என்னும் நிலையிலிருந்து உரிமை என்னும் நிலைக்கு நகர்ந்தது.

இடமும் சாதியும் பாலினமும்

மையம் அமைக்க விரும்பிய ஊர், இடத்தையும் மின்சாரச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது உடன்பாடு. கருவிகளையும் பயிற்சியையும் நிறுவனம் வழங்கியது. இவற்றினும் முதன்மையான நிபந்தனை, மையம் அனைத்துச் சாதியினருக்கும் பெண்களுக்கும் தடையின்றித் திறந்திருக்க வேண்டும் என்பதாகும். மையங்களை நடத்திய தன்னார்வலர்களுள் பெண்கள் பெரும்பங்கினராக இருந்தனர்.

ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலப்பரப்பில் இந்நிபந்தனை எளிதானதன்று. கணினி ஊர்த்தெருவில் உள்ள ஒரு தனியார் வீட்டுத் திண்ணையில் வைக்கப்பட்டால், அத்திண்ணையில் அமரும் உரிமை இல்லாதவருக்கு அக்கணினியும் இல்லை. எம்பலம் ஊரில் மையம் கோயிலுக்குரிய இடத்தில் அமைந்தது. நுழைவுரிமை வரலாற்றுப் போராட்டமாக இருந்துவந்த ஒரு வளாகத்தில், யாவரும் வரலாம் என்னும் உடன்பாட்டின்மீது பெண்கள் கணினி இயக்கினர் என்பது தொழில்நுட்ப வரலாற்றில் மட்டுமன்றிச் சமூக வரலாற்றிலும் பதிவுசெய்யத் தக்கது. ஓர் ஊரில் இருக்கும் கணினிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அவ்வூரின் 'இணைய அணுக்கத்தை' அளக்கும் முறையின் போதாமையை இது புலப்படுத்துகின்றது.

ஒலிபெருக்கி: வீராம்பட்டினமும் நல்லவாடும்

கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் மக்களின் முதன்மைத் தேவை கடலின் நிலையை அறிவதாக இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியான அலை உயர முன்கணிப்புகள் நாள்தோறும் பதிவிறக்கப்பட்டன. அவை தமிழில் எழுதப்பட்டு, ஒலிபெருக்கி வழியே கடற்கரையில் அறிவிக்கப்பட்டன. வல்லரசு ஒன்றின் படைத்துறைக்காக உருவான தரவு, வங்கக் கடலில் கட்டுமரம் செலுத்துவோரின் காதில் அவர்தம் மொழியில் விழுந்தது. எழுத்தறிவு, கணினிப் பயிற்சி, கட்டணம் ஆகிய மூன்றும் இன்றியே கேட்பவர் பயன்பெற்றார். பழைய கருவியான ஒலிபெருக்கி, புதிய கருவியான இணையத்தின் எல்லையைக் கரைவரை நீட்டித்தது எனலாம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நிகழ்ந்தது பரவலாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. அவ்வூரைச் சேர்ந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஒருவர், அங்குக் கிடைத்த செய்தியைக் கண்டு தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அச்செய்தியை அறிவித்து மக்களை வெளியேற்றினர். படகுகளும் உடைமைகளும் அழிந்தபோதிலும் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் உயிர்தப்பினர்.

இந்நிகழ்வை இணையத்தின் வெற்றியாகச் சுருக்கிக் கூறுதல் பொருந்தாது. எச்சரிக்கை வந்தது தொலைபேசி வழி. பரவியது ஒலிபெருக்கி வழி. அவ்வொலிபெருக்கி சொல்வதைக் கேட்டுச் செயற்படும் பழக்கம் நாள்தோறும் ஒலித்த கடல் அறிவிப்புகளால் உருவாகியிருந்தது. அன்றாடப் பயன்பாட்டில் வளர்ந்த நம்பிக்கையே பேரிடர் நாளில் உயிர் காத்தது. இந்தியாவிற்கெனத் தனி ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் செயற்படத் தொடங்கியது 2007ஆம் ஆண்டில்தான் என்பதை இணைத்துப் பார்க்கும்போது இதன் முதன்மை விளங்கும்.

மேலூர்: ஓர் ஒப்பீடு

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001ஆம் ஆண்டு முதல் நீடித்த ஊரக இணைய அணுக்கத் திட்டம் செயற்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் இதற்கு அடிப்படை. தொழில்நுட்ப நோக்கில் இது புதுச்சேரியினும் மேம்பட்டது; ஊர்தோறும் நேரடி இணைய இணைப்பை வழங்கியது. நிலையங்களுட் பல உள்ளூர்த் தொழில்முனைவோரால் வருவாய் நோக்கில் நடத்தப்பட்டன. அரவிந்த் கண் மருத்துவமனையின் உதவியுடன் கண் படங்களை அனுப்பி ஆலோசனை பெறுதல், வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ்களுக்கு இணையவழி விண்ணப்பித்தல் முதலிய சேவைகள் அங்குக் கிடைத்தன.

இந்நிலையங்களை ஆராய்ந்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுகள் இரண்டு உண்மைகளை முன்வைக்கின்றன. முதலாவது, நிலையங்களைப் பயன்படுத்தியோர் ஊரின் சிறு பகுதியினரே. அவர்களுட் பெரும்பாலோர் இளைஞர், ஆண்கள், மாணவர், ஒப்பீட்டளவில் வசதியும் கல்வியும் உடையவர்கள். எனவே இந்நிலையங்கள் நிலவும் ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தவும் கூடும் என அவர்கள் எச்சரித்தனர். எனினும் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளுக்கு அருகில் நிலையம் அமைந்த இடங்களிலும், அச்சமூகத்திலிருந்தே முன்னின்று ஊக்குவிப்போர் இருந்த இடங்களிலும் அம்மக்களின் பயன்பாடு கூடியது. இரண்டாவது, அரசுச் சேவைகள் அலுவலர்களின் தனிப்பட்ட ஆர்வத்தைச் சார்ந்திருந்தமையால், அவர்கள் பணிமாறிச் சென்றபின் தளர்ந்தன.

எம்பலத்தில் நிபந்தனையாக வைக்கப்பட்டது மேலூரில் புள்ளிவிவரமாக வெளிப்பட்டது. இரு களங்களும் வெவ்வேறு வழிகளில் ஒரே முடிவைச் சுட்டுகின்றன. இருப்பினும், புதுச்சேரி முன்மாதிரியையும் குறையற்றதெனக் கூறவியலாது. அது கொடையாளர் நிதியையும் தன்னார்வலரின் ஊதியமற்ற உழைப்பையும் சார்ந்திருந்தது. அவ்வுழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதால், உள்ளடக்கிய வளர்ச்சியின் செலவை யார் ஏற்கின்றனர் என்னும் வினா எஞ்சுகின்றது.

தேசிய அளவில் பரவலும் மாற்றமும்

2004ஆம் ஆண்டு உருவான தேசியக் கூட்டமைப்பு, 2007ஆம் ஆண்டிற்குள் ஒவ்வோர் ஊரிலும் ஓர் அறிவு மையம் என்னும் இலக்கை அறிவித்தது. 2006ஆம் ஆண்டு நடுவண் அரசு தேசிய மின்னாளுகைத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஆறு இலட்சம் ஊர்களுக்கு ஒரு இலட்சம் பொதுச் சேவை மையங்களை அமைக்க ஒப்புதல் அளித்தது. எண்ணிக்கையளவில் இது பெரும் பாய்ச்சல். ஆனால் பரவலின்போது கருத்தாக்கமும் மாறியது. 'அறிவு மையம்' 'சேவை மையம்' ஆயிற்று. தன்னார்வலரின் இடத்தில் தொழில்முனைவோர் அமர்ந்தார். ஊர்ப் பொதுவிடத்தின் இடத்தில் கட்டணம் பெறும் கடை வந்தது. சான்றிதழும் கட்டணச் செலுத்துகையும் எளிதாயின. ஊரின் தேவையைக் கேட்டு, அதற்கேற்பத் தகவலைத் திரட்டி, இலவசமாக யாவருக்கும் அறிவிக்கும் பணிக்கு இவ்வமைப்பில் வருவாய் இல்லை. எனவே அப்பணி பின்தள்ளப்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. ஊரக மக்களின் தகவல் தேவையை முன்னரே அறிந்து தமிழில் உள்ளடக்கம் உருவாக்கியதே புதுச்சேரி மையங்களின் அடிப்படை வலிமையாகும்.

2. மையம் அமையும் இடமும் அதனை நடத்துவோரின் சமூகப் பின்னணியும் பயனாளர் யார் என்பதைத் தீர்மானிக்கின்றன. புதுச்சேரியின் நுழைவு நிபந்தனையும் மேலூரின் ஆய்வு முடிவுகளும் இதனை உறுதிசெய்கின்றன.

3. புதிய தொழில்நுட்பம் ஒலிபெருக்கி, செய்தித்தாள் போன்ற பழைய ஊடகங்களுடன் இணைந்தபோதே எழுத்தறிவற்றோரையும் சென்றடைந்தது. நல்லவாடு நிகழ்வு இதற்குச் சான்றாகும்.

4. வணிக முன்மாதிரி பரவலுக்குத் துணைபுரிந்தபோதிலும் பொதுத்தகவல் பணியைத் தளரச்செய்தது. தன்னார்வ முன்மாதிரி அப்பணியைக் காத்தபோதிலும் பெண்களின் ஊதியமற்ற உழைப்பின்மீது நின்றது.

இன்று கைப்பேசி பெரும்பாலான இல்லங்களுக்குள் வந்துவிட்ட நிலையில், அணுக்கம் என்னும் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. ஆனால் கைப்பேசி வீட்டில் யார் கையில் இருக்கின்றது, அதில் கிடைக்கும் தகவல் எம்மொழியில், யாருடைய தேவைக்காக உருவாக்கப்பட்டது என்னும் வினாக்கள் 1998இல் வில்லியனூரில் எழுப்பப்பட்டவையே. அறிவு மையங்களில் பணியாற்றிய பெண் தன்னார்வலர்களின் பட்டறிவை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.