தம்மைத் தாமே எண்ணிக்கொண்டோர்

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மாட்டுங்காவில் தொடங்கி மாட்டுங்காவிலேயே முடித்துவிடுகின்றனர். 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், பஜனை சமாஜமும், இசை விழாக்களும் நம் மலர்களில் பன்முறை பேசப்பட்டுவிட்டன. அவை பேசத் தக்கனவே. ஆயினும், அங்கிருந்து ரயில் பாதையைக் கடந்தால் எதிர்ப்படும் தாராவியிலும், செம்பூருக்கு அப்பால் டிராம்பேயை அடுத்த தாழ்நிலத்திலும் நம்மவர் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொண்ட வரலாற்றுக்கு அத்தகைய இடம் கிட்டியதில்லை. எழுதுகோல் ஏந்தியோர் அப்பக்கம் மிகுதியாகச் சென்றதில்லை என்பதே காரணமாகலாம். நாமும் அப்பழிக்கு விலக்கானவர் அல்லோம்.

தாராவி முற்காலத்தில் கோலி மீனவரின் சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கு வேரூன்றவே, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இசுலாமியரும் ஆதிதிராவிடரும் அதை நாடி வந்தனர். 1887-இல் பெரிய பள்ளிவாசலும் 1913-இல் பிள்ளையார் கோயிலும் எழுந்தன. வானம் பொய்த்ததால் வந்தவரும் சாதிக் கொடுமைக்கு அஞ்சி வந்தவரும் ஒரே சந்தில் குடியேறினர். முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்குப் படுக்க இடம் தந்தார். பெயர்ப் பலகை இல்லாத நம் முதற் சங்கம் அதுவே எனலாம்.

ஆனால் அரசு ஏட்டில் இம்மக்களுக்கு இடமில்லை. கணக்கில் இல்லாத குடிசை இடிக்கப்பட்டால் அங்கே ஏதும் இடிக்கப்படவில்லை என்றே பொருள். இந்த உண்மையை நன்குணர்ந்து, அதற்கு மாற்றும் கண்டவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் 1947-இல் பிறந்த ஜோக்கின் அற்புதம் என்பவரே அவர்.

பதின்ம வயதில் தச்சுத் தொழிலை நம்பிப் பம்பாய்க்கு வந்த ஜோக்கின், மான்கூர்டுப் பகுதியின் ஜனதா காலனியில் தங்கினார். நகரின் உட்பகுதிகளிலிருந்து முன்னரே அகற்றப்பட்ட ஏழைகள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. குப்பை மலைபோல் குவிந்திருந்தது; அள்ளுவார் இல்லை. மனு எழுதித் தருவோர் அக்காலத்திலும் பலர் இருந்தனர். ஜோக்கினோ மனு எழுதவில்லை. சிறுவர் சிறுமியரைத் திரட்டி, ஆளுக்கொரு காகிதப் பொட்டலத்தில் குப்பையைக் கட்டிக் கையில் கொடுத்து, பாட்டுப் பாடி நடக்கவைத்து, மாநகராட்சி அலுவலகத்தின் முன்னே கொட்டச் செய்தார். அவரே பின்னாளில் மகிழ்ந்து கூறிய நிகழ்ச்சி இது. ஒருவன் சுமந்தால் பாரம். ஆயிரம் பிள்ளைகள் சுமந்தால் அது பேச்சுவார்த்தை! அதிகாரிகள் குடியிருப்பைத் தேடி வர நேர்ந்தது.

எனினும் வெற்றிகள் மட்டுமே நிறைந்த கதையன்று இது. அணு ஆராய்ச்சி மையத்திற்கு அந்நிலம் வேண்டும் என்றனர். 1966-இல் சிவசேனை தோன்றிய பின் தென்னிந்தியர் என்றாலே ஏச்சுக்கு ஆளான காலமும் அது. மக்கள் நீதிமன்றப் படிகளில் ஏறினர். ஜோக்கின் தில்லி வரை சென்று முறையிட்டார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஜனதா காலனி தரைமட்டமாக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்ப் எனும் இடத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். சொந்த நாட்டிலேயே ஏதிலியர் ஆவது எங்ஙனம் என்பதை அவர்கள் அன்று கற்றனர். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அரசு பம்பாய்க் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை வழங்கத் தொடங்கியிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இந்தத் தோல்வியிலிருந்தே பின்னைய வழி பிறந்தது என்பது நம் கருத்து. ஜோக்கின் நிறுவிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, 1984-இல் தோன்றிய ஸ்பார்க் நிறுவனத்தோடும், 1986-இல் நடைபாதைவாழ் பெண்கள் அமைத்த மகிளா மிலனோடும் கைகோத்தது. தாராவியிலும் 1979 முதல் ‘ப்ரௌட்’ என்னும் மக்கள் அமைப்பு இயங்கிவந்தது. 1985-இல் பிரதமர் நிதியாகப் பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டு, தாராவியைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. எத்தனை குடும்பங்கள் இருக்கலாம், எத்தனை வெளியேற வேண்டும் என்றெல்லாம் மேசைமேல் கணக்கிட்டனர். மேசைக் கணக்கை மக்கள் ஏற்கவில்லை. 1986-இல் கூட்டமைப்பினர் தாமே எண்ணினர்.

இம்முறையின் நுட்பம் எளியது. சந்தை நன்கறிந்தவரே அதன் வரைபடத்தைக் கீறுவார். கதவுதோறும் எண் இடப்படும். வீட்டில் யார் யார், எத்தனை ஆண்டுகளாக, என்ன தொழில் என்பதைக் கேட்டெழுதுவோரும் அம்மக்களே. எழுதியதைத் திரும்பக் கொணர்ந்து அவர்கள் முன்னிலையிலேயே சரிபார்ப்பர். விடுபட்டவர் அங்கேயே குரல் எழுப்பலாம். கூட்டிப் பார்த்தபோது 80,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் சுமார் 5,30,000 மக்கள் எனத் தெரிந்தது. அரசின் மதிப்பீட்டைவிட இது மிகப் பெரிது. இருப்பவர் இத்தனை பேர் என்று இருப்பவரே சொன்னபின், எவரையும் ஓசையின்றி அகற்றுதல் எளிதாகுமோ?

இக்கலை கடல் கடந்தும் சென்றது. தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் குடிசைவாழ் மக்கள் தம்மைத் தாமே எண்ணக் கற்றனர். 1996-இல் அவர்களுக்கென ஓர் உலகக் கூட்டமைப்பும் உருவாயிற்று. ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018 அக்டோபரில் அவர் மறைந்தார். அவரைப் பற்றி உலகெங்கும் எழுதினர். நம் மலர்களைப் புரட்டிப் பார்த்தோம். அவர் பெயர் அரிதாகவே தென்பட்டது.

2022-இல் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் புதிய கணக்கெடுப்பு தொடங்கியது. கட்டடங்களுக்கு மீண்டும் எண்கள் இடப்பட்டன. இம்முறை இட்டவர் அச்சந்துகளில் வாழ்வோர் அல்லர். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்னிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோர்க்குத் தாராவியிலேயே இலவச வீடு. பின்னர் வந்தோர்க்கும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் வேறு விதி. தகரப் பெட்டிகளின் அடியிலிருந்து, தந்தையின் முகம் மங்கிப்போன 1976-ஆம் ஆண்டுப் புகைப்பட அட்டைகள் வெளியே எடுக்கப்படுகின்றன.