வேலி தாண்டிய பாட்டு

மலேசியாவின் சிரம்பானிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதையில், ரெம்பாவ் நகருக்கு முன்னால் வரும் சிறு நிலையம் சுங்கை காடுட். துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையின் முகவரியாகவே இன்று அதனைப் பலர் அறிவர். தொழிற்சாலைகளின் கூரைகள் எழுவதற்கு முன் அவ்வட்டாரத்தில் ரப்பர் மரங்களே நிரை நிரையாக நின்றன. விடியுமுன் பெரட்டு என்னும் ஆளெடுப்புக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன தமிழ் ஜனங்களின் வாழ்வு அந்த நிரைகளுக்கிடையே தான் நடந்தது.

தோட்டத்து ஜனங்களை ஒருவரோடொருவர் கலவாமல் வைத்திருந்தது அவர்களுடைய சுபாவம் அன்று. அவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஏற்பாடு. 1938-ல் இந்திய சர்க்கார் தடை விதிக்கும் வரையில் கங்காணிகள் அழைத்து வந்த தமிழர்களுக்கு லயம் என்னும் வரிசை வீடு. மினாங்கபாவ் வழிவந்த மலாய்க்காரர்களுக்குக் கம்பம் என்னும் கிராமம். சீனர்களுக்குக் கடைத்தெருவும், 1948-ல் பிறந்த அவசரகாலம் முள்வேலியிட்டு எழுப்பிய புதுக்கிராமங்களும். ஜீவனம் மூன்று, பள்ளிக்கூடம் மூன்று, பாஷை மூன்று. இந்தப் பகுப்பில் அகப்படாமல் நழுவியது சங்கீதம் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்; அது எவ்வளவு தூரம் நழுவியது என்பதையும் பார்க்க வேண்டும்.

1946-ல் நிறுவப்பட்ட மலாயா வானொலி தமிழுக்கும் நேரம் ஒதுக்கியது. கிராணி வீட்டுப் பெட்டியைச் சுற்றி ஆரம்பத்தில் கூட்டம் கூடிற்று. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தபோது லயத்து வாசலெல்லாம் சௌந்தரராஜனும் சுசீலாவும் குடியேறினார்கள். ஒலிபரப்பையும் அரசாங்கம் மொழிவாரியாகத்தான் வகுத்திருந்தது; ஆயினும் குமிழைத் திருகும் அதிகாரம் கேட்பவன் கையில் இருந்தபடியால், நேயர் விருப்பம் முடிந்ததும் முள் நகர்ந்து மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் குரலில் போய் நின்றது. அர்த்தம் முழுதும் விளங்காமலே அந்த மெட்டுகளை முணுமுணுத்து வளர்ந்த தலைமுறைகள் தோட்டப்புறத்தில் உண்டு.

அந்த மெட்டுகள் தமிழ்க் காதுக்கு அந்நியமாகத் தோன்றாமற் போனதற்குக் காரணம் இருந்தது. சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் என்னும் தெருவில் இருந்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடத்தில் முதல் போட்டவர்கள் சீனர். நடித்தவர்களும் பாடியவர்களும் பெரும்பாலும் மலாய்க்காரர். ஆரம்ப காலத்தில் இயக்கியவர்களோ பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர் முதலிய இந்தியர். ரம்லியை 1950-ல் ‘பக்தி’ படத்தில் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து இளமையிலேயே மலாயா வந்தவர். இவர்கள் கைப்பட்ட மலாய்ப் படத்தில், நம் படங்களைப் போலவே கதையை நிறுத்தி வைத்துவிட்டுப் பாட்டு வரும். தாய் அழுவாள், விதி விளையாடும். அதனை மலாய்ப் படம் என்று சொல்வது மெய். தமிழ்ப் படத்தின் தம்பி என்று சொல்வதும் பொய்யன்று. ரம்லியின் மேதையைப் போற்றுகிறவர்கள், அருகில் நின்ற இக்கூட்டத்தின் பெயர்களை ஒரு வரியில் முடித்துவிடுவது நியாயமில்லை.

அறுபதுகளில் கிதார் வந்தது. பாப் யே யே என்ற மலாய் ஆட்டப்பாட்டு வந்தது. 1963 டிசம்பரில் தொலைக்காட்சியும் வந்தது.

1969 மே 13-ஆம் தேதி கோலாலம்பூரில் மூண்ட இனக்கலவரம், பாட்டில் இனங்கள் கலந்திருந்த அந்தச் சகஜத்தின் மேல் ஓர் இருளைக் கவித்தது. அதே காலத்தில், பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டதால், ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் தாங்கள் பார்த்து அறியாத அல்லது மறந்துபோன இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1971-ல் புதிய பொருளாதாரக் கொள்கை பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கூடிய தேசியக் கலாசார மாநாடு, இந்நாட்டுக் கலாசாரம் பூர்வ குடிகளின் கலாசாரத்தையே ஆதாரமாகக் கொள்ளும் என்று தீர்மானித்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை, புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் பயின்று, இடைநிலைப்பள்ளியில் பிற இனத்துப் பிள்ளைகளோடு முதன்முறையாக ஒரே பலகையில் உட்கார்ந்தபோது, அவர்களுக்குப் பொதுவாக இருந்தவை பந்தாட்டமும் பாட்டுமே.

எழுபதுகளின் இறுதியில் மலாய்ப் பாட்டுலகில் பிரசித்தி பெற்ற ஆலிகேட்ஸ் குழுவை முன்னின்று நடத்தியவர்கள் பினாங்குத் தமிழர்களான டேவிட் ஆறுமுகமும் அவர் சகோதரர் லோகநாதனும் ஆவர். ஹாங்காங்கில் பாடிப் பழகித் திரும்பிய அவர்களுடைய மலாய்க் காதற்பாட்டுகள் எல்லா இனத்து வீடுகளிலும் ஒலித்தன. அவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அல்லர் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால், ஒலிநாடாவின் ஒரு பக்கத்தில் இளையராஜாவையும் மறுபக்கத்தில் லோகநாதனையும் பதிந்து வைத்துக் கேட்ட தோட்டத்து வாலிபனுக்கு, தன் முகச்சாயலுள்ள ஒருவன் தேசிய மொழியில் பாடி முன்னணியில் நிற்பது எத்தகைய அபிமானத்தைத் தந்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அபிமானம் நிலம் தராது. தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புகளாகவும் மாறியபோது, லயத்தை விட்டு வெளியேறியவர்களில் அநேகர் நகர விளிம்பின் புறம்போக்குக் குடிசைகளை அடைந்தனர். 2001 மார்ச்சில் அத்தகைய குடிசைப் பகுதியான கம்போங் மேடானில் நடந்த இனக் கைகலப்பில் ஆறு உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அக்காலத்து இளைஞர் காதற்பாட்டை விட்டு ராப் பாட்டைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. 1998-ல் பொயட்டிக் அம்மோ குழு ஒரே தொகுப்பில் பல பாஷைகளில் பாடிற்று. 2006-ல் யோகி பி குழுவினர் ‘வல்லவன்’ தொகுப்பைத் தமிழிலேயே வெளியிட்டனர். மலேசியத் தமிழனின் ராப் குரல் சென்னைக்கு ஏற்றுமதியானது இக்காலத்தில்தான்.

ஆலிகேட்ஸ் லோகநாதன் 2007 ஜூன் 4-ஆம் தேதி காலமானார். இனபேதமின்றி ரசிகர்கள் துக்கம் அனுஷ்டித்தார்கள். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, தங்கள் முன்னோரைக் கூலிகளாகக் கொண்டுவந்து கைவிட்டதற்கு பிரிட்டிஷ் அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும் என்று கோரி, ஹிண்ட்ராஃப் என்னும் இந்து உரிமை இயக்கத்தின் அழைப்பில் ஆயிரமாயிரம் இந்தியர்கள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டார்கள். போலீஸார் கண்ணீர்ப்புகை வீசியும் தண்ணீர் பீய்ச்சியும் அவர்களைக் கலைத்தார்கள்.